குற்றத்துக்கும் தவணை உண்டா?

முல்லைத்தீவு மாவட்டத்தில் மீளக் குடியேறிய ஒரு கிராமத்தில் நாம் சட்ட அறிவுக் கூட்டம் ஒன்று வைத்திருந்தோம். காணிப் பத்திரம், எல்லைத் தகராறு, தொலைந்துபோன பிறப்புச் சான்றிதழ் என்று கேள்விகள் வழமைபோலப் போய்க்கொண்டிருந்தன. கூட்டம் முடிகிற நேரத்தில் பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்தார்.

"1990இல எங்கட வீட்டைக் கொழுத்தினவை. அண்ணரைச் சுட்டவை. இவ்வளவு காலம் போயிட்டுது ஐயா, இனி வழக்கு வைக்கேலுமோ?"

அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் விடவில்லை. "என்ர லாண்ட்மாஸ்டரை 2009இல கொண்டு போனவை. மகனை அடிச்சுக் கையை முறிச்சவை. அதுக்கும் காலம் போயிட்டுதோ?" என்றார்.

யார் செய்தார்கள் என்பதையும் அவர்கள் சொன்னார்கள். இந்தப் பாடத்துக்கு அது தேவையில்லை. எந்தப் பக்கத்தார் செய்திருந்தாலும் சட்டத்தின் கணக்கு ஒன்றேதான். அன்று நாம் அரைகுறையாகத்தான் பதில் சொன்னோம். திரும்பி வந்து சட்டப் புத்தகத்தைப் புரட்டிய பின் எழுதுவது இது.

தவணை என்பது கமக்காரருக்குப் புதிய விடயம் அல்ல. இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம் செய்பவர்கள் முதலில் கூட்டம் கூடுவார்கள். தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிக்கவேண்டிய திகதி, தண்ணீரை நிறுத்தும் திகதி எல்லாம் அங்கே முடிவாகும். அந்தத் திகதிக்குப் பின் விதைத்தவரின் வயலும் வயல்தான், நெல்லும் நெல்தான். ஆனால் அவருக்காக வாய்க்கால் திறக்கப்படமாட்டாது. குற்றவியல் வழக்கின் கால எல்லையும் ஏறக்குறைய இப்படித்தான். குறித்த காலம் கடந்தபின்னும் நடந்த குற்றம் குற்றமாகவே இருக்கும். ஆனால் அதற்காக ஒருவரை நீதிமன்றத்தில் நிறுத்தும் உரிமை இல்லாமற் போய்விடும்.

இருபது வருடம்

இலங்கையில் இந்தக் கணக்கைச் சொல்வது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவு. சிறிய பிரிவு, ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். கொலைக்கும் தேசத்துரோகத்துக்கும் வழக்குத் தொடரும் உரிமை எவ்வளவு காலம் சென்றாலும் அற்றுப்போகாது. மற்றெல்லாக் குற்றங்களுக்கும், வேறொரு சட்டம் விசேடமாக ஏதும் சொல்லியிருந்தாலன்றி, குற்றம் செய்யப்பட்ட நாளிலிருந்து 20 வருடம் கழிந்தால் அந்த உரிமை அற்றுப்போகும். அவ்வளவுதான்.

இருபது என்ற இந்த எண் நம் பாராளுமன்றம் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. பழைய ரோமச் சட்டத்திலிருந்து ஒல்லாந்தர் வழியாக வந்த எண் அது.

"மற்றெல்லாக் குற்றங்கள்" என்பதற்குள் என்னென்ன அடங்கும் என்று யோசித்துப் பார்க்கவேண்டும். வீட்டுக்குத் தீ வைத்தல், கொள்ளை, ஆட்கடத்தல், பாலியல் வல்லுறவு, கடுங்காயம் ஏற்படுத்துதல் எல்லாம் அதற்குள் வரும். 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் குற்றமாக்கப்பட்ட சித்திரவதையும் வரும். அதற்குக் குறைந்தது 7 வருடச் சிறைத்தண்டனை உண்டு. தண்டனை பெரிதாக இருப்பதால் காலம் நீளும் என்று நினைக்கவேண்டாம்.

கொலை என்ற சொல்லிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒருவர் இறந்துபோனாலே சட்டம் அதைக் கொலை என்று சொல்லிவிடாது. கொல்லும் எண்ணத்தோடு அல்லது அதற்குச் சமமான அறிவோடு செய்ததைத்தான் தண்டனைச் சட்டக்கோவை கொலை என்கிறது. திடீர்க் கோபமூட்டலால் செய்தது போன்றவற்றைக் கொலையாக அமையாத மனிதக் கொலை என்று கீழே ஒரு படியில் வைக்கிறது. மேற்படிக்குக் காலம் இல்லை, கீழ்ப்படிக்கு 20 வருடம். ஆகவே மிகப் பழைய மரணம் ஒன்றைப் பற்றிய வழக்கில், சாட்சியம் எந்தப் படியைக் காட்டுகிறது என்பதிலேயே வழக்கு நிற்பதும் விழுவதும் தங்கியிருக்கும்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். வலிந்து காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான சர்வதேசச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அதை உள்நாட்டுச் சட்டமாக்கியது. இது தொடர்ந்து நடந்துகொண்டிருக்கும் குற்றம் என்பதால், கடத்திய நாளிலிருந்து அல்ல, குற்றம் முடிவுக்கு வந்த நாளிலிருந்தே காலத்தை எண்ணவேண்டும் என்கிறது அந்தச் சமவாயத்தின் 8ஆம் உறுப்புரை. ஆளைப் பற்றி ஒரு தகவலும் இல்லாதவரை குற்றம் முடியவில்லை என்பது இதன் கருத்து. 2018க்கு முன் நடந்தவற்றுக்கு நம் சட்டம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது வாதத்துக்குரியது. அந்த வாதத்தை முன்வைக்கும் உரிமை குடும்பங்களுக்கு இருக்கிறது என்பதையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கால எல்லை எதற்காக? குற்றவாளியைக் காப்பாற்றத்தான் என்று கோபத்தில் சொல்லத் தோன்றும். அதில் முழு உண்மை இல்லை. முப்பது வருடத்துக்கு முன் ஒரு பின்னேரம் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று கேட்டால் உங்களால் நிரூபிக்க முடியுமா? பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நம் பிள்ளைகளுக்கும் இந்த எல்லை ஒரு காவல்தான். பிரச்சினை எல்லை இருப்பதில் இல்லை. வழக்கு வைக்க வழியே இல்லாதிருந்த வருடங்களையும் சேர்த்து எண்ணுவதில்தான் இருக்கிறது.

காணிக்கு நின்ற கடிகாரம்

காணி விடயத்தில் இந்த அநியாயத்தைப் பாராளுமன்றமே ஒருமுறை ஒத்துக்கொண்டது. ஒருவர் மற்றவரின் காணியைப் பத்து வருடம் தடையின்றி ஆண்டால் உரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டிலிருந்து இருந்துவரும் சட்டம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்களும், அதே வருடம் ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் இந்தப் பத்து வருடத்துக்குள் எப்படித் திரும்பிவந்து வழக்கு வைத்திருப்பார்கள்? இதற்காகவே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆயுதக் குழுக்களின் செயல்களால் தம் காணிக்காக நீதிமன்றம் செல்ல முடியாதிருந்தவர்களுக்கு, 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலம் கணக்கில் எடுக்கப்படமாட்டாது என்றது அது.

அதாவது காணிக்கு இருபத்தாறு வருடம் கடிகாரத்தை நிறுத்தினார்கள். வீட்டைக் கொழுத்தியதற்கும் ஆளைக் கடத்தியதற்கும் அப்படி எந்தச் சட்டமும் வரவில்லை. 456ஆம் பிரிவின் கடிகாரம் பதுங்கு குழிக்குள்ளும் ஓடியது, நலன்புரி நிலையத்துக்குள்ளும் ஓடியது. வன்னியில் அரச நீதிமன்றங்கள் இயங்காத வருடங்களிலும் ஓடியது. ஒரே குடும்பம், ஒரே இடப்பெயர்வு. வளவுக்கு ஒரு கணக்கு, அந்த வளவுக்குள் நடந்த குற்றத்துக்கு வேறொரு கணக்கு என்பதை எம்மால் நியாயப்படுத்த முடியவில்லை.

இதே இருபது வருடக் கணக்கை வைத்து ஒரு நாடு முழுவதும் தர்க்கித்த கதை ஒன்று உண்டு.

ஜேர்மனியில் நடந்தது

ஹிட்லரின் ஆட்சி 1945 மே 8ஆம் திகதி சரணடைந்தது. அன்றைய ஜேர்மன் சட்டத்தில் கொலைக்குக் கால எல்லை 20 வருடம். அதற்குக் கீழ்ப்பட்ட மனிதக் கொலைக்கு 15 வருடம். 1960 மே மாதத்தில் முதலாவது கதவு சாத்தப்பட்டது. போர்க்கால மனிதக் கொலைகள் காலாவதியாகின. 1965 மே மாதத்தில் கொலைக்கும் அதே கதி என்றபோதுதான் மேற்கு ஜேர்மனி விழித்துக்கொண்டது.

1965 மார்ச்சில் பாராளுமன்றத்தில் பெரிய விவாதம் நடந்தது. சட்டம் சட்டம்தான், இடையில் மாற்றக்கூடாது என்று ஒரு பகுதியினர் நின்றார்கள். நீதி அமைச்சராக இருந்த எவால்ட் புகெர் அந்தக் கொள்கையில் நின்று பதவியையே விட்டு விலகினார். கடைசியில் ஒரு நடுவழி கண்டார்கள். நாடு அந்நியப் படைகளின் ஆளுகையில் இருந்ததால் 1949 முடியும்வரை ஜேர்மன் நீதித்துறை ஒழுங்காக இயங்கவில்லை. ஆகவே அந்த வருடங்களை எண்ணவேண்டாம், 1950 ஜனவரி 1 முதல் எண்ணுவோம் என்றார்கள். நீதிமன்றம் இயங்காத காலத்தைக் கழிப்பது என்ற நியாயத்தை நாம் இங்கே காணிச் சட்டத்தில் பார்த்தோம். அவர்கள் அதைக் கொலைக்குப் பொருத்தினார்கள்.

அது நான்கு வருடத்துக்குத்தான் போதுமாக இருந்தது. 1969இல் கால எல்லையை 30 வருடமாக்கினார்கள். அதே வருடம் பெப்ரவரியில் அவர்களுடைய அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு முக்கியமான விடயத்தைச் சொன்னது. இன்னும் முடியாத காலத்தை நீட்டுவது பழைய செயலுக்குப் புதிதாகத் தண்டனை விதிப்பதாகாது என்றது. 1979 ஜூலை 3ஆம் திகதி, 255 வாக்குகளுக்கு 222 என்ற கணக்கில், கொலைக்குக் கால எல்லையே இல்லை என்று தீர்மானித்தார்கள். முப்பத்துமூன்று வாக்குத்தான் வித்தியாசம். அந்த வாக்குகள் மாறியிருந்தால், வதைமுகாமில் கணக்கு எழுதியவருக்கு 94 வயதில், 2015இல் நாலு வருடச் சிறை கிடைத்திருக்காது.

இடையில் நடந்த ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். 1968இல் சில்லறை ஒழுங்குமீறல்கள் பற்றிய சட்டத்தோடு ஒட்டி ஒரு சிறிய திருத்தம் வந்தது. கொலைக்கு உதவியவரிடம் கொலையாளிக்கு இருந்த இழிந்த நோக்கம் இல்லாவிட்டால் அவருக்குக் குறைந்த தண்டனை என்றது அது. தண்டனை குறைந்ததும் கால எல்லையும் 15 வருடமாகக் குறைந்தது. அந்த 15 வருடம் 1960இலேயே முடிந்துவிட்டதாகக் கணக்காகியது. மேசையில் இருந்து கட்டளை எழுதிய பல அதிகாரிகள் மீதான வழக்குகள் இப்படியே விழுந்தன. வாக்களித்த உறுப்பினர்களில் பலருக்கு இது புரியவே இல்லை.

வரிக் குற்றத்தையும் அங்கே இப்படித்தான் கையாண்டார்கள், ஆனால் இன்னும் சுறுசுறுப்பாக. ஜேர்மனியில் வரி ஏய்ப்புக்குக் கால எல்லை 5 வருடம். பாரதூரமான வரி ஏய்ப்புக்கு மட்டும் 2008இல் 10 வருடமாகவும், 2020இல் 15 வருடமாகவும் நீட்டினார்கள். வங்கிகளும் பங்கு வியாபாரிகளும் பங்குகளைக் கைமாற்றிக் கைமாற்றி, ஒருமுறை மட்டும் கட்டிய வரியைப் பலமுறை திருப்பி வாங்கிய பெரும் மோசடி விசாரணையில் இருந்தது. அதைத் தோண்டி முடிப்பதற்குள் காலம் போய்விடும் என்று கண்டதும் சட்டத்தை நீட்டினார்கள். அரச திறைசேரி நட்டப்பட்டால் கடிகாரம் எவ்வளவு விரைவாகத் திருத்தப்படுகிறது பாருங்கள்! நம் நாட்டிலும் உள்நாட்டு இறைவரிச் சட்டம் வரியை மீளக் கணிப்பதற்குக் குறுகிய காலத்தையே கொடுக்கிறது. ஆனால் மோசடி இருந்தால் எப்போதும் மீளக் கணிக்கலாம். ஏமாற்றி மறைத்தவருக்குக் காலம் துணைபோகக்கூடாது என்ற நியாயம் நம் சட்டத்துக்குத் தெரியாதது அல்ல.

ரோம-ஒல்லாந்தச் சட்டத்தை நம்மைப் போலவே பெற்ற தென்னாபிரிக்காவிலும் பொது எல்லை 20 வருடம்தான். ஆனால் அங்கே கொலையோடு ஆட்கடத்தல், வல்லுறவு, ஆயுதக் கொள்ளை ஆகியவற்றையும் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். ஏனைய பாலியல் குற்றங்களுக்கு இருந்த 20 வருட எல்லையையும் 2018இல் அங்குள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாததாக்கியது.

காலத்துக்குள் வந்த வழக்குகள்

2000 டிசம்பர் 19ஆம் திகதி, இடம்பெயர்ந்திருந்த சிலர் மிருசுவிலில் தம் வீடுவளவைப் பார்த்துவரச் சென்றார்கள். சிறுவர்கள் உட்பட எட்டுப்பேர் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டார்கள். தப்பிவந்த ஒருவர் உடனே சொன்னதால் புதைத்த இடம் கண்டுபிடிக்கப்பட்டது. 2015 ஜூனில் ஓர் இராணுவச் சிப்பாய்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் அவர் வெளியே வந்தார். 1996 பெப்ரவரியில் 24 பேர் கொல்லப்பட்ட குமாரபுரம் வழக்கோ 2016 ஜூலையில்தான் அனுராதபுர மேல் நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு படையினரும் விடுதலையானார்கள். கால எல்லைக்குள் வந்த வழக்கெல்லாம் நீதியில் முடியும் என்று நாம் சொல்ல வரவில்லை. மிருசுவில் வழக்கு தண்டனை வரையாவது சென்றதென்றால், முதல் நாட்களிலேயே சாட்சியம் பதிவானதுதான் அதற்கு அடிப்படை.

இனி, கையில் செய்யக்கூடியவை.

முறைப்பாடும் வழக்கும் ஒன்றல்ல. 456ஆம் பிரிவு பேசுவது வழக்குத் தொடரும் உரிமையைப் பற்றி. பொலிசில் முறைப்பாடு எழுதிய துண்டு உங்களிடம் இருப்பதால் மட்டும் கடிகாரம் நின்றுவிட்டதாக எண்ணவேண்டாம். முறைப்பாடு நீதவான் நீதிமன்றத்துக்குப் போனதா, வழக்கிலக்கம் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போகவில்லையென்றால் பொலிஸ் மா அதிபருக்கும் சட்டமா அதிபருக்கும் பதிவுத் தபாலில் எழுதி, தபால் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள். பொலிசார் அசையாவிட்டால், சட்டக்கோவையின் 136ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்டவரே நீதவானிடம் நேரடியாக முறையிடலாம். எழுத்தில் கொடுப்பதானால் சட்டத்தரணி ஒருவர் அதைத் தயாரித்து மேலொப்பமிட வேண்டும். வசதியில்லாதவர்கள் மாவட்டத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போகலாம். சாட்சி சொல்லப் பயமிருந்தால், பாதுகாப்புக் கேட்பதற்கு 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.

அடிப்படை உரிமை மீறல் வழக்கை இதனோடு போட்டுக் குழப்பவேண்டாம். உயர் நீதிமன்றத்தில் அந்த மனுவைத் தாக்கல் செய்யக் கிடைப்பது ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. நாளைக்கு யாருக்காவது பொலிஸ் காவலில் அடி விழுந்தால், இருபது வருடம் இருக்கிறது என்று ஆறுதலாக இருந்துவிடாதீர்கள்.

அந்த இருவரின் கேள்விகளுக்கு வருவோம். 1990இல் வீடு கொழுத்தியதற்கு வழக்குத் தொடரும் உரிமை 2010இல் முடிந்துவிட்டது. இதைச் சொல்ல எமக்கும் மனம் வரவில்லை. ஆனால் இல்லாத வழக்குக்குச் சட்டத்தரணியிடம் காசு கொடுத்து அலையவிடுவது அதைவிடப் பிழை. அண்ணர் சுடப்பட்டது கொலை. அதற்குக் காலம் முடியவில்லை, முடியவும் மாட்டாது. 2009இல் களவுபோன லாண்ட்மாஸ்டருக்கும் முறிந்த கைக்கும் 2029 வரை இருக்கிறது. சம்பவம் நடந்த அதே மாதம், அதே திகதி வரைதான். 2009 மே 18இல் நடந்ததற்கு 2029 மே 18ஐத் தாண்டினால் கொலை தவிர்ந்த வழக்குக்கு வழி அடைபட்டுவிடும். கையை முறித்தவர் அரச அலுவலர் ஒருவரானால் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். அவர் மகனின் வைத்தியசாலைத் துண்டைத் தேடத் தொடங்கியிருக்கிறார்.

கடிகாரத்தை நீட்டுவதானால் அதை முடியுமுன் நீட்டவேண்டும். ஜேர்மனியர் 1965 மே மாதத்துக்கு முன் மார்ச்சிலேயே செய்து முடித்தார்கள். நம் சங்கங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் போகும்போது குளத்துக் கட்டும் உரமானியமும் கேட்கிறோம். காணிக்குக் கழித்த வருடங்களைக் குற்றத்துக்கும் கழிக்கும்படி ஒரு திருத்தத்தையும் சேர்த்துக் கேட்கலாம்.

அந்த அம்மாவிடம் 1990இல் திடீர் மரண விசாரணை அதிகாரி எழுதிக் கொடுத்த ஒரு தாள் இருக்கிறது. ஏழெட்டு இடப்பெயர்விலும் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே திரிந்தாராம். மடிப்பில் எழுத்து அழிந்துவருகிறது. அடுத்த கிழமை அவரோடு பட்டினத்துக்குப் போய், மூன்று பிரதி எடுத்து, சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தி, மூன்று வேறு இடங்களில் வைப்பதாகப் பேசியிருக்கிறோம்.